கட்டைவிரல் நம்மிடமே இருக்கட்டும்

பவுத்தம் தழுவிய நம் பிள்ளைகள் இப்போது ஒரு கேள்வியோடு வருகிறார்கள். வாசிப்பு வட்டம் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில்தான் அது வரும். "அக்கா, தற்காப்புக் கலை ஒண்ணு கத்துக்கலாம்னு இருக்கேன். நம்ம தம்மத்துக்கு எது பொருந்தும்?" பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள். ஒருவர் குங்ஃபூ என்பார், போதிதர்மர் நம்ம ஆளாம். ஒருவர் அய்கிடோ என்பார், எதிராளிக்கும் காயம் படாத அகிம்சைக் கலையாம். மூன்றாமவர் சிலம்பம் என்பார், அதுதான் ஆதித்தமிழன் கலையாம். கேட்கிறவர் தலை சுற்றிப்போய் எதிலும் சேராமல் வீட்டுக்குப் போய்விடுவார்.

இந்தக் கேள்வியே தலைகீழாக நிற்கிறது என்பதுதான் என் கட்சி. ஒரு கலையின் தத்துவத்தை அதன் பிறப்புக் கதையிலும் சுவரில் மாட்டிய படத்திலும் தேடுகிறோம். தேட வேண்டிய இடம் பயிற்சி நடக்கிற கூடம். அங்கே யாரை உள்ளே விடுகிறார்கள், யார் யாரைத் தொடுகிறார்கள், யார் யார் காலில் விழுகிறார்கள்? இதைப் பார்க்காமல் 'என் ஆன்மிகத்துக்கு ஏற்ற கலை' என்று கிளம்புவது, செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டிக்கொள்வதில் போய் முடியும்.

தேர்ந்தெடுப்பது என்கிற சொல்லிலிருந்தே தொடங்குவோம். அது யாருடைய சொல்? 1936இல் அச்சான 'சாதி ஒழிப்பு' உரையில், இந்த நாட்டில் ஏன் சமூகப் புரட்சி நடக்கவில்லை என்று அம்பேத்கர் கேட்டார். அவர் சொன்ன விடையில் பூச்சு எதுவும் கிடையாது. கீழே வைக்கப்பட்டவர்களுக்கு ஆயுதம் ஏந்தும் உரிமை இல்லை, ஆயுதம் இல்லாமல் கலகம் இல்லை என்றார். வருணம் வேதத்தை மட்டும் பிரித்து வைக்கவில்லை. உடம்பை எப்படி நிமிர்த்துவது, ஓங்கின கையை எப்படித் தடுப்பது என்கிற அறிவையும் சேர்த்துத்தான் பிரித்து வைத்தது. 'அடி வாங்கத் தெரியும், தடுக்கத் தெரியாது' என்று ஒரு சனத்தையே வளர்த்து வைத்திருக்கிறார்கள் என்றால் அது தற்செயலா?

ஏகலைவன் கதை நமக்குப் புதிதில்லை. நிஷாதன் மகன் என்று துரோணர் விரட்டினார். அவன் மண்ணில் ஒரு பொம்மை செய்து வைத்துத் தானே கற்றான். கற்றதற்குக் கூலியாக வலது கை கட்டைவிரலை வாங்கிக்கொண்டார் குரு. கற்றுக்கொடுக்காத குருவுக்குக் காணிக்கை! அந்தத் துரோணர் பெயரில்தான் இந்திய அரசு 1985 முதல் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு விருது கொடுக்கிறது. யாருக்கும் கூசவில்லை. குருவணக்கம், குருபக்தி, குருகாணிக்கை என்று எந்தக் கூடத்தில் அடுக்கினாலும் நம் கை தானாகக் கட்டைவிரலை மடக்கிக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்திலிருந்தே ஒரு மறுப்பு வரும். பவுத்தர்கள் எதற்குக் கம்பெடுக்க வேண்டும், முதல் சீலமே கொல்லாமை அல்லவா என்று. நியாயமான கேள்விதான். 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் இதை நேராக எடுத்துப் பேசுகிறார். புத்தர் அகிம்சையை ஒரு விதியாக விதிக்கவில்லை, வாழ்க்கை நெறியாக வைத்தார் என்கிறார். கொல்ல வேண்டும் என்கிற ஆசையையும் கொல்ல வேண்டிய தேவையையும் பிரித்துப் பார்க்கிறார். விதி கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றச் சொல்லும். நெறி, இடம் பார்த்து யோசிக்கச் சொல்லும். இந்தப் பிரிவினையைப் பிடிக்காதவர்கள்தான் அகிம்சையை எப்போதும் அடிபடுகிறவனுக்கே உபதேசிக்கிறார்கள். அடிக்கிறவன் வீட்டு வாசலில் போய் முதல் சீலம் சொன்ன ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.

மகாடை நினைத்துப் பாருங்கள். 1927 மார்ச் 20இல் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டுத் திரும்பியவர்கள்மேல் சாதி இந்துக்கள் தடிகளோடு பாய்ந்தார்கள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக்கூட விடவில்லை. அன்று மகாடுக்கு வந்திருந்தவர்களில் பட்டாளத்தில் வேலை பார்த்த மகார்களும் உண்டு. திருப்பி அடிக்க ஆளும் இருந்தது, கோபமும் இருந்தது. அம்பேத்கர் வேண்டாம் என்று நிறுத்தினார். அந்தக் கட்டுப்பாட்டைத்தான் நான் அகிம்சை என்பேன், ஏனென்றால் திருப்பி அடிக்க முடிந்தவர்கள் அதைக் கடைப்பிடித்தார்கள். பின்னாளில் அதே அம்பேத்கரின் சமதா சைனிக் தளத் தொண்டர்கள் சீருடை போட்டு, வரிசையில் நின்று பயிற்சி எடுத்தார்கள். இரண்டுக்கும் முரண்பாடு எங்கே இருக்கிறது?

ஆக, கற்கலாமா என்கிற கேள்வி முடிந்தது. எதை, எங்கே என்பதுதான் மீதி. இங்கேதான் போதிதர்மர் குறுக்கே வந்து நிற்கிறார்.

2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்தபின் இந்தப் பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. காஞ்சிப் பல்லவ இளவரசன், சீனத்துக்குப் போனான், ஷாவோலினில் சண்டை சொல்லிக்கொடுத்தான் என்று. நம் தோழர்களும் 'பவுத்தம் பிளஸ் தமிழ் பிளஸ் வீரம்' என்று மகிழ்ந்துபோனார்கள். பழைய சீன நூல்கள் என்ன சொல்கின்றன? 547 வாக்கில் லோயாங் நகரத்து விகாரைகளைப் பற்றி எழுதிய யாங் சுவான்ஷி, போதிதர்மரைப் பாரசீகத் துறவி என்கிறார். அதே நூற்றாண்டின் தான்லின் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன் என்கிறார். 645இல் எழுதிய தாவோசுவான் தென்னாட்டுப் பிராமணக் குலம் என்றே எழுதி வைத்திருக்கிறார். நம்ம ஆள் என்று தூக்கிவைத்து ஆடினோமே, இப்போது என்ன செய்யலாம்? மூன்று பேருமே அவர் சண்டை கற்றுக்கொடுத்ததாகச் சொல்லவில்லை. ஷாவோலின் மடம் 495 வாக்கில் வேறொரு இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. போதிதர்மரை உடற்பயிற்சியோடு இணைக்கிற 'யிச்சின் ஜிங்' நூல் 1624 தேதியிட்டது, அதாவது அவருக்கு ஆயிரம் வருசத்துக்குப் பிந்தியது. அந்தக் கதை கட்டுக்கதை என்று தாங் ஹாவோ என்கிற சீன ஆய்வாளரே 1930களில் காட்டிவிட்டார்.

கதை பொய் என்பதைவிட அந்தக் கதைமேல் நமக்கு வருகிற ஆசைதான் எனக்கு உறுத்துகிறது. நமக்கு எதற்கு ஒரு இளவரசன்? 'ஆண்ட பரம்பரை' என்று மீசை முறுக்குகிறவனை மேடைதோறும் கிழித்துவிட்டு, பின்வாசல் வழியாக நாமும் ஒரு பல்லவ ரத்தம் வாங்கி வருவதா? புத்தரே அரண்மனையை விட்டு வெளியே வந்தவர்தானே!

சீனத்து மரபிலேயே ஆள் வேண்டும் என்றால் ஹுய்நெங்கைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டு, தெற்குச் சீமை. விறகு விற்றுத் தாயைக் காப்பாற்றியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று அந்த மரபு சொல்கிறது. மடத்துக்குப் போனபோது, தெற்கத்திக் காட்டுமிராண்டி நீ எப்படிப் புத்தனாவாய் என்று கேட்டார் அய்ந்தாம் குரு. மனிதரில் வடக்கு தெற்கு உண்டு, புத்த இயல்பில் அது ஏது என்று திருப்பிக் கேட்டார் இவர். எட்டு மாதம் நெல் குத்த வைத்தார்கள். கடைசியில் குருவின் அங்கி அவருக்குத்தான் வந்தது. நெல் குத்திய அந்த மனிதரைப் பற்றி நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சண்டை போடாத போதிதர்மருக்குச் சிக்ஸ்பேக் வைத்துப் பார்க்கிறோம், உலக்கை பிடித்தவரை விட்டுவிட்டோம்.

சீனத்தை விட்டு ஜப்பானுக்கு வந்தால், 'ஜென் இருக்கிறதே, அது பவுத்தம்தானே' என்பார்கள். கத்தியும் தியானமும் ஒன்று என்கிற அந்தப் பேச்சை யார் பேசினார்கள் என்று பார்க்க வேண்டும். 1588இல் ஹிதெயோஷி குடியானவர்களிடமிருந்து கத்திகளைப் பிடுங்கினான். ஆயுதம் மேல்தட்டுப் போர்வீரர்களின் உரிமையாக இறுகியது. அதே சமூகத்தில் தோல் உரித்து, பதனிட்டு, சாமுராயின் கவசத்துக்கும் சேணத்துக்கும் தோல் கொடுத்தவர்கள் தீண்டத்தகாதவர்களாகத் தனிக் குடியிருப்பில் கிடந்தார்கள். புராக்கு மக்கள் என்று இன்று நாம் சொல்வது அவர்களைத்தான். 1871இல் சட்டம் அந்த இழிவை நீக்கியது, ஊர் நீக்கவில்லை. 1922 மார்ச் 3இல் கியோத்தோவில் கூடிச் சுய்ஹெய்ஷா இயக்கத்தை அவர்களே தொடங்க வேண்டியிருந்தது. கவசத்துக்குத் தோல் நம்மைப் போன்றவனுடையது, கவசம் போட்டவனுக்கு மட்டும் தத்துவம்! இது நமக்குக் கேட்ட கதையாக இல்லையா?

தத்துவத்தைப் பின்னால் ஒட்டவைப்பதும் உண்டு. கராத்தே ஒகினாவாத் தீவின் கலை. அதன் பெயர் முதலில் 'சீனக் கை' என்று எழுதப்பட்டது. 1930களில் அதை 'வெறுங்கை' என்று மாற்றினார்கள். அந்த வெறுமைக்குப் போட்ட எழுத்து பவுத்தச் சூனியத்தின் எழுத்து. சீனத்தோடு ஜப்பான் மோதிக்கொண்டிருந்த காலம் அது. பெயரில் சீனம் இருப்பது பிடிக்காமல்போனதும் சூனியம் உள்ளே வந்தது. அய்கிடோவின் உயெஷிபா பின்பற்றியதோ ஓமோத்தோ என்கிற ஷிண்டோ வழி மதம். இதனாலெல்லாம் இந்தக் கலைகள் மட்டம் என்று நான் சொல்லவில்லை. பவுத்த முத்திரை குத்தியிருக்கிறது என்பதற்காக எதையும் வாங்க வேண்டாம் என்கிறேன்.

சரி, சிலம்பம் நம்முடையதுதானே? இங்கே என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் சிலம்பம் கோயில் திடலில் நடந்தது. வாத்தியார் ஊர்த்தெரு ஆள். திடலுக்குள் சேரிப் பிள்ளைகள் வரக்கூடாது. ஆனால் ஆட்டத்துக்குப் பறை வேண்டும். பறை என் பெரியப்பா. திடலுக்கு வெளியே நின்று அடிப்பார். காலடிக்குத் தக்கபடி அடி மாற வேண்டும் என்பதால் இருபது வருசம் அவர் பார்த்தது ஆட்டக்காரர்களின் கால்களை மட்டுமே. எந்த அடிவரிசையில் எந்தக் கால் முன்னே வரும், வீச்சு எங்கே இறங்கும் என்று வாத்தியாரைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ராத்திரியில் ஏரிக்கரையில் வைத்துச் சேரிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பொம்மைகூடச் செய்யவில்லை, காணிக்கையும் கேட்கவில்லை. ஒரு திருவிழாத் தகராறில் ஊர்க்காரர்கள் தெருவுக்குள் வரப்போவதாகத் தெரிந்ததும் அந்தப் பையன்கள் தெருமுனையில் கம்போடு நின்றார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எங்க சனத்துக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அவங்களுக்கும் பயம் உண்டுன்னு.

'தமிழன் கலை' என்று சொல்கிறவர்கள் இந்தத் திடலையும் ஏரிக்கரையையும் ஒன்றாகக் கலக்கிறார்கள். கம்பு ஒன்றுதான், அடிவரிசை ஒன்றுதான். திடலில் அது சாதியின் அணிகலன். ஏரிக்கரையில் அது எங்கள் தெருவின் கதவு. ஒரே கலைக்குள் இரண்டு தத்துவம் இருக்க முடியும் என்றால், தத்துவம் கலையில் இல்லை என்றுதானே பொருள்?

இதற்கு மேல் எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. தொடுதல். சாதி என்பது தொடாமையின் ஒழுங்கு. அப்படியானால் தொடாமல் கற்கவே முடியாத கலை ஒன்று நமக்கு அதிகம் பயன்படாதா? கம்பு நெற்றி உயரம் இருக்கும், அந்த நீளம் தள்ளி நின்றே சிலம்பத்தில் முக்கால்வாசி பழகிவிடலாம். கராத்தேயில் காற்றைக் குத்தியே மாதக்கணக்கில் ஓட்டலாம். மல்யுத்தத்திலும் ஜூடோவிலும் அது நடக்காது. முதல் நாளே அடுத்தவர் காலரைப் பிடித்தாக வேண்டும். அவர் வேர்வை உங்கள்மேல் வழியும், உங்கள் மூச்சு அவர் கழுத்தில் படும்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது நான் ஜூடோவில் சேர்ந்தேன். முதலில் சொல்லிக்கொடுத்தது விழுவதை. எப்படி விழுந்தால் தலையில் அடி படாது, எப்படி உடனே எழுவது என்று. இரண்டாவது வாரம் ஜோடி பிரித்தார்கள். என்னோடு நின்ற பெண் என் காலரைப் பிடிக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டாள். அதையும் சொன்னேன். இரண்டு நாளில் மேட்டை விட்டே போய்விட்டாள். ஆனால் போகாமல் நின்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் என்னைத் தூக்கிப் போட்டார்கள், நான் அவர்களைத் தூக்கிப் போட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் குனிந்து வணங்கிக்கொண்டோம். பதினைந்து வருசம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் செய்யாததை அந்த மேட் மூன்று மாதத்தில் செய்தது. தீட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவும் அங்கே நடக்கவில்லை. அந்தக் கலையின் விதி அப்படி: பிடிக்காவிட்டால் பயிற்சி இல்லை.

ஜூடோவைக் கானோ ஜிகாரோ 1882இல் தோக்கியோவில் எய்ஷோஜி என்கிற பவுத்தக் கோயிலில், 12 பாய் விரித்த இடத்தில் தொடங்கினார். இது தெரிந்தால் நம் தோழர்கள் 'பார்த்தீங்களா, பவுத்தம்!' என்று துள்ளுவார்கள். வேண்டாம். கோயில் அவருக்கு இடம் கொடுத்தது, அவ்வளவுதான். அங்கேயும் குறை உண்டு. ஆண்கள் ஜூடோ 1964இல் ஒலிம்பிக்கில் வந்தது, பெண்களுக்குப் பதக்கம் என்று வர 1992 ஆனது. எந்தக் கூடத்தையும் புனிதம் என்று கும்பிட வேண்டியதில்லை.

எந்தத் தத்துவமும் பேசாத ஒரு கலையைப் பாருங்கள். குத்துச்சண்டை. சுவரில் புத்தரும் இல்லை, மந்திரமும் இல்லை. அதில் நின்றவர்தான் முகமது அலி. 1967இல், என் மதமும் மனச்சாட்சியும் ஒப்பவில்லை என்று வியத்நாம் போருக்குப் போக மறுத்தார். பட்டத்தைப் பிடுங்கினார்கள். மூன்று வருசத்துக்கும் மேல் களத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். 1971இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. உலகத்திலேயே பலமாகக் குத்தத் தெரிந்தவர்களில் ஒருவர், யாரைக் குத்த மாட்டேன் என்பதில் உறுதியாக நின்றார். இந்த உறுதியைக் குத்துச்சண்டையா கொடுத்தது? அவர் அதை உள்ளே கொண்டுவந்தார். 1980இல் அவர் சென்னைக்கு வந்து கண்காட்சிப் போட்டி ஆடினார். வடசென்னை அவரைக் கொண்டாடியதில் வியப்பில்லை. துறைமுகத் தொழிலாளியும் மீனவரும் சேரி இளைஞரும் கையுறை மாட்டிய இடம் அது. 'சார்பட்டா பரம்பரை' (2021) பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே பரம்பரை என்றால் நீ சேர்ந்த அணி. பிறப்பு கேட்டு வருகிற பரம்பரை இல்லை.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். எந்தக் கூடத்தில் சேர்ந்தாலும், ஒரு வாரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பயிற்சி நடக்கிற இடத்துக்குள் நம் பிள்ளைகள் எல்லாரும் நுழைய முடியுமா, அல்லது சாமி பெயரைச் சொல்லி வாசலில் நிறுத்துகிறார்களா? ஜோடி மாற்றிவிடுகிறார்களா, சாதி பார்த்து ஒரே ஜோடியாக ஒட்டிக்கொள்கிறார்களா? வணக்கம் இரண்டு பக்கமும் போகிறதா, ஒரு பக்கம் மட்டும் காலில் விழுகிறதா? 'இது எங்கள் வம்சத்து ரகசியம், அடுத்தவனுக்குக் கிடையாது' என்று வர்மமோ வித்தையோ பூட்டப்பட்டிருக்கிறதா? பெல்ட்டுக்கு பெல்ட் பணம் கறக்கிறார்களா? பெண் பிள்ளை 'இப்படித் தொடாதே' என்று சொன்னால் மாஸ்டர் கேட்கிறாரா, முறைக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு விடை தப்பாக இருந்தால் மற்றது எதையும் பார்க்க வேண்டாம். அங்கே நம் தங்கைகளை அனுப்பக்கூடாது.

இப்படிப்பட்ட கூடம் பக்கத்தில் இல்லையா? ஏரிக்கரை இருக்கிறது. காலனிக்குள் சமுதாயக்கூடம் இருக்கிறது, சாயங்காலம் காலியாகத்தான் கிடக்கிறது. பறையடிக்கிற பெரியவர்களில் காலடி தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற நம் பிள்ளைகள் தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார்கள். மல்யுத்தமோ குத்துவரிசையோ ஜூடோவோ, தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். விழுவதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பவுத்த சங்கத்தைத் தொடங்கியபோதும், அம்பேத்கர் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு தம்மம் ஏற்றபோதும், நமக்குக் கிடைத்தது நிமிர்ந்து நிற்பதற்கு ஒரு காரணம். நிமிர்ந்து நிற்கிற உடம்பை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். தம்மம் ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது. அதைக் கூடத்துக்குள் கொண்டுபோங்கள், அங்கே போய்த் தேடாதீர்கள். கட்டைவிரல் கேட்கிற வாத்தியார் புத்தரைப் பேசினாலும் சரி, தமிழைப் பேசினாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள்.